பச்சைக் கோட்டின் உள்பை

திங்கள் இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே, உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன். உன்னோடு வேலை செய்யும் அந்தச் சிரிப்புக்காரியிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு.

சனிக்கிழமை உன்னைப் பார்த்ததும் கத்தாமல் இருந்ததே பெரிய காரியம். அத்தை வீட்டிலிருந்து ஓடிப்போன நீ கண்காணாத ஊரில் இருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். நீயோ நாங்கள் வழக்கமாக வரும் பழைய துணிக்கடையிலேயே, அந்தப் பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் இருக்கிறாய்! நீ தள்ளுவண்டியோடு வந்து, "ஆம்பளைங்க வரிசை, பெரிய பச்சைக் கோட்டு, உள்பாக்கெட்டுல எழுதி வை" என்று என் காதில் போட்டுவிட்டு நிற்காமல் போனபோது, அம்மா ஒரு சட்டையின் அக்குளை மோந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கவனிக்கவில்லை.

அன்றைக்கு எனக்குத்தான் துணி எடுத்தோம். "அழுக்குத் தெரியாத கலரா எடுடி" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். எதற்கு என்று நேற்றுதான் தெரிந்தது. அப்பா என்னையும் அத்தை வீட்டுக்கு அனுப்பப் போகிறார். வரும் திங்கட்கிழமை பஸ். "படிச்சு என்ன கிழிக்கப் போறா? மூத்தவ பாதியில விட்டுட்டு ஓடின வேலைய இவ பார்க்கட்டும்" என்றார். அம்மா பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். விளக்கியதையே மறுபடி விளக்கினாள்.

அங்கே ராத்திரியில் நீ படுக்கும் அடுப்படியை வெளியிலிருந்து பூட்டிவிடுவார்கள் என்று நீ ஒரு தடவை போனில் சொன்னாயே, அதிலிருந்து பூட்டுச் சத்தம் கேட்டாலே எழுந்துபோய்க் கதவு திறக்கிறதா என்று பார்க்கிறேன். என்னைக் கூட்டிக்கொண்டு போ அக்கா. எங்கே, எப்போது வர வேண்டும் என்று மட்டும் எழுது. புதன்கிழமை பள்ளி விட்டதும் ஓடிவந்து இதை வைத்துவிடுகிறேன். சனிக்கிழமை அம்மாவோடு வரும்போது உன் பதிலை எடுத்துக்கொள்வேன்.

உன்
எலி

வியாழன்

என் எலிக்குட்டிக்கு,

உன் கடிதத்தைக் கழிவறையில் உட்கார்ந்து படித்தேன். கிழித்தாயிற்று. சளி பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மறுபடி மூட்டை பிரிக்க உட்கார்ந்தேன்.

எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. வருகிற துணியில் முதலில் எல்லாப் பைகளிலும் கைவிட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் பிரிப்பது. சாவி கிடைக்கும், மருந்துச் சீட்டு கிடைக்கும். போன வாரம் ஒரு பல்செட் கிடைத்தது. சிரிப்புக்காரி அதை என் சாப்பாட்டு டப்பாவுக்குள் போட்டு மூடிவிட்டாள். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தேன்.

சரி, கேள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடையின் பின்பக்கம் சரக்கு லாரி வரும். இரும்புக் கதவு திறந்திருக்கும், நான் அங்கேயே நிற்பேன். பை எதுவும் எடுத்துவராதே. தெருமுனைக் கடைக்குப் போகிற மாதிரி வா. என் அறையில் ஒரே கட்டில்தான். நீ சுவரோரம் படுத்துக்கொள், உதைக்காமல் இருந்தால் போதும். பள்ளிக்கூடத்துக்கு நான் வந்து பேசுகிறேன்.

கோட்டைப் பற்றிப் பயப்படாதே. அதற்குள் நீயும் நானும் சேர்ந்தே நுழையலாம், அதை எவன் வாங்குவான்? நானே நீல விலைச்சீட்டுக் குத்தி, விலையையும் ஏற்றி வைத்திருக்கிறேன்.

லாரி போனதும் கதவைச் சாத்திவிடுவார்கள். நீ வரவில்லை என்றால், அம்மாவை விட்டுவர மனசில்லை என்று எடுத்துக்கொள்வேன். கோபப்பட மாட்டேன். ஆனால் வா.

அக்கா

சனி இரவு

அக்கா,

இதை உன்னிடம் எப்படிச் சேர்ப்பேன் என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உன் கடிதம் என் கைக்கு வரவில்லை.

நாங்கள் கடைக்குள் நுழையும்போதே ஒலிபெருக்கியில் சொன்னார்கள், இன்றைக்கு நீலச் சீட்டுக்கெல்லாம் பாதி விலை என்று. ஒவ்வொரு வாரமும் ஒரு நிறத்துக்குக் குறைப்பார்கள், எந்த நிறம் என்று அன்றைக்குக் காலையில்தான் சொல்வார்கள். இன்றைக்கு நீலம். "நீலமா? நீலம்னுதானே சொன்னான்?" என்று அம்மா ஓட ஆரம்பித்தாள். நான் போய்ச் சேர்வதற்குள் கோட்டு அவள் கையில் இருந்தது.

"அம்மா, அது அப்பாவுக்குப் பெருசும்மா."

"உள்ள ஸ்வெட்டர் போட்டா சரியாயிடும்."

"பூச்சி அரிச்சிருக்கும்மா. நாத்தம் வேற."

"மோந்து பார்த்துட்டேன், ஒண்ணுமில்ல. உங்கப்பாவுக்கு ஒரு நல்லது வாங்கினா உனக்கு ஏண்டி எரியுது?"

நான் தூக்கிவருகிறேன் என்றேன். கையில் பைகள் இருக்கின்றன என்று அவளே அதை மாட்டிக்கொண்டாள். கழுத்துவரை பொத்தான் போட்டாள். வழி முழுக்க உன் கடிதம் எனக்கு முன்னால் நடந்துபோனது, அக்கா. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

வீட்டில் அப்பா அதைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றார். "ஏதோ ஒரு ராசா செத்து, அவன் பொண்டாட்டி தூக்கிப் போட்டது மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். அப்புறம் மார்புப் பக்கம் தடவியவர் கை சட்டென்று நின்றது. கோட்டோடு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிறிது நேரம் கழித்து அம்மாவையும் கூப்பிட்டார். வெளியே வந்தபோது அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை.

சாப்பிடும்போது அப்பா என் தட்டில் அவர் கையாலேயே பரிமாறினார். "நாளைக்கு எங்கயும் வெளிய போகாத, என்ன?" என்றார் அன்பாக. ஞாயிற்றுக்கிழமைகளில் வெயில் ஏறும்வரை தூங்குகிறவர், இன்றைக்குக் கடிகாரத்தில் ஆறுக்கு அலாரம் வைத்திருக்கிறார்.

எல்லோரும் படுத்த பிறகு போய் அந்தக் கோட்டின் உள்பையில் கைவிட்டேன். ஒன்றுமில்லை. நீ எங்கே நிற்கப்போகிறாய் என்று அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. எங்கே வரச் சொல்லியிருந்தாலும் அங்கே நிற்காதே அக்கா. நான் வராமல் இருந்தது மனசில்லாமல் என்று மட்டும் நினைத்துவிடாதே. நான்

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா தட்ட மாட்டார், தள்ளிக்கொண்டு வருவார். அம்மாவின் குரல். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, அப்பா முழிப்பதற்குள் சத்தமில்லாமல் வா என்கிறாள், அக்