முதல் கவளம் யாருக்கு

இன்று படகில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தேன். வாடிய வாழையிலையின் மணம் எழுந்ததும் உன் நினைவு வந்துவிட்டது, நண்பா.

நம் ஊர் பசியாவரத்திலிருந்து நாம் இருவரும் ஒரே படகில்தான் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போவோம். அவர்கள் பேச்சை நெசவாளிகளுக்கும், நெசவாளிகள் பேச்சை அவர்களுக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட துபாஷிகள் நாம். மயிலாப்பூர்ப் பாதிரியாரிடம் இலத்தீன் படித்திருந்த நீ, ஒருநாள் ஒரு சொல்லை எடுத்துப் போட்டாய்: வியாத்திகும்.

"இன்னாடா அது?" என்றேன்.

"வழிக்குக் கட்டிக்கினு போற சோறு. வழிச்செலவுக் காசையும் அப்டித்தான் சொல்லுவாங்க. சாகப்போறவனுக்குப் பாதிரியார் கடைசியா குடுக்குற அப்பத்துக்கும் அதான் பேரு."

"சோறு, காசு, சாமி, எல்லாத்துக்கும் ஒரே வார்த்தையா? சரியான கஞ்சப்பசங்க."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். எனக்கோ அன்று வேலையே ஓடவில்லை. இறந்தவர் வாயில் நாங்கள் அரிசி போடுகிறோம், நெற்றியில் காசு வைக்கிறோம். எங்கோ ரோமாபுரியில் இருந்தவனுக்கும் இதே யோசனை எப்படித் தோன்றியது? கேட்டதற்கு, "போறவனை வெறுங்கையோட அனுப்ப யாருக்குடா மனசு வரும்?" என்றாய்.

நம் படகுகளில் ஒரு வழக்கம் உண்டே. தன் சோற்றின் முதல் கவளத்தைத் தான் தின்னாமல் உடன் வருபவனுக்குக் கொடுக்க வேண்டும். என் பொட்டலத்திலிருந்து நீ எடுப்பது மட்டும் எப்போதும் பெரிய உருண்டையாகவே இருக்கும்.

நீ காய்ச்சலில் கிடந்தபோது பாதிரியாரை அழைத்துவர மயிலாப்பூருக்கு ஆள் போனது. கடலில் எதிர்காற்று. "வந்துட்டாரா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். அந்த அப்பம் கிடைக்காமலே போய்விடுவோமோ என்று பயந்தாய். பார்க்க எனக்குத் தாங்கவில்லை. பிறகு நீயாகவே, வேலைக்குக் கட்டி வந்திருந்த என் சோற்றைப் பார்த்து, "உன் பொட்டலத்தப் பிரி" என்றாய்.

"அதுவும் இதுவும் ஒண்ணாடா?"

"இல்லன்னு தெரியும். ஆனா நான் கெளம்புறேன்ல? மொத வாய் என்னுது."

பருக்கை பருக்கையாக ஊட்டினேன். மெதுவாக மென்று விழுங்கி, "உப்பு கம்மி" என்றாய். அதன்பிறகு நீ பாதிரியாரைக் கேட்கவில்லை. அவர் வந்து சேர்ந்தபோது நீ இல்லை.

அந்த ஒரு வாய் உனக்கு எதுவரை வந்தது? அங்கே புளிச்சோற்றை ஏற்றுக்கொண்டார்களா? யாரைக் கேட்பது என்று தெரியவில்லை.

இப்போது முதல் கவளத்தைப் படகோட்டி வாங்கிக்கொள்கிறார். சோற்றில் உப்பு ஒரு சிட்டிகை கூடவே போடுகிறேன். உப்புக் கரிக்கிறது என்று அவர் முகம் சுளிக்கிறார். ஆனால் அன்று கிளம்பிய நீ எனக்கு உன் முதல் கவளத்தைத் தரவில்லை, அது இன்னும் பாக்கி. அதனால் கிளம்பும் முறை எனக்கு வரும்போது நான் எதுவும் கட்டிக்கொண்டு வரப்போவதில்லை. நீ இருக்கும் கரையில் நின்று உன்னிடம் கையை நீட்டுவேன்.