சாம்பல் துடைத்த குருந்து

இரண்டு முறை சோப்புப் போட்டும் குருந்து இலையின் வாசனை விரலை விட்டுப் போகவில்லை. எலுமிச்சை இலையைக் கசக்கின மாதிரி. இதை உனக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும், நீதான் இல்லை.

வள்ளூர்ப் பக்கத்துப் புதர்க்காட்டில் நம் வேலை உனக்குத் தெரியாததா? வேலிகாத்தானுக்கு, அதாவது சீமைக் கருவேலத்துக்கு, நான் சிவப்பு நாடா கட்டுவேன், பின்னாலேயே நீ பொக்லைனில் வந்து வேரோடு பிடுங்குவாய். நாட்டுச் செடியைத் தொடக்கூடாது என்பது உத்தரவு. அனல்மின் நிலையத்திலிருந்து காற்றில் வரும் சாம்பல் படிந்து அங்கே எல்லா இலையும் ஒரே நிறம். நான் முள்ளைத் தடவிப் பார்த்தே நாடா கட்டுகிற அவசரக்காரி.

அன்று ஒரு புதர் முன்னால் வண்டியை நிறுத்தினாய். "எலைய தொடச்சிப் பாத்துட்டு சொல்லும்மா" என்றாய். எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. முள் இருக்கிறதே, இன்னும் என்ன என்று எரிந்து விழுந்தேன். நீ பிடுங்கினாய். நசுங்கிய இலையிலிருந்து இந்த வாசனை எழுந்தது. குருந்து, நாட்டுச் செடி. மேற்பார்வையாளர் ஓடி வந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. கை தவறிவிட்டது என்று நீ சொன்னாய். மூன்று நாள் வேலைக்கு வராதே என்றார்கள் உன்னை. திரும்பி வந்த பிறகும் நீ அதைப் பற்றிப் பேசவில்லை. போன மழைக்காலத்தில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் வரை நானும் பேசவில்லை. வெட்கமாக இருக்கிறது.

நேற்றுக் காலைத் தூறலில் சாம்பல் கழுவிப் போயிருந்தது. புது டிரைவர் பொக்லைன் வாளியை இறக்கிக்கொண்டிருந்தார். நான் நாடா கட்டிய புதர். இலை பளபளத்தது. வேலிகாத்தான் இலை புளிய இலை போலப் பொடிப்பொடியாக இருக்கும். இது ஒற்றை இலை. நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினேன். வாளி தலைக்கு மேலே நின்றது. இலை நுனியில் சின்னப் பிளவு, காம்படியில் ஒற்றை முள். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தேன், ஊசி குத்தினாற்போல் புள்ளிகள். கசக்கினேன். குருந்துதான்.

நாடா கட்டியது யார் என்று மேற்பார்வையாளர் கேட்டார். புது டிரைவர் தரையைப் பார்த்தார். இந்த வேலையை விட்டால் கைவசம் வேறு இல்லை.

"நாந்தான் சார். போன தபா புடுங்குனதும் நான் கட்டுனதுதான். பழைய டிரைவரு மேல தப்பில்ல."

புதர் தப்பித்தது. என்னை மூன்று நாள் வர வேண்டாம் என்றார். வீட்டில் உட்கார்ந்து விரலை முகர்ந்துகொண்டு இதை எழுதுகிறேன். இந்த மூன்று நாள் அன்றைக்கே என்னுடையதாக இருந்திருக்க வேண்டும்.