நாக்கில் முதல் இனிப்பு

ஜூன் 3, செவ்வாய்

காலையில் கிளினிக்கில் ஒரு குவளை சர்க்கரைத் தண்ணீர் குடிக்கக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வாந்தி எடுக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் பரீட்சை. இடையிடையே ரத்தம் எடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தால் அத்தை அடுத்த பரீட்சையோடு காத்திருக்கிறார்கள். என் புருஷன் பிரேமின் அம்மா. என் பிரசவத்துக்கென்று தூத்துக்குடியிலிருந்து போன வாரம்தான் சிங்கப்பூர் வந்தார்கள். பெட்டிக்குள்ளிருந்து ஒரு வெள்ளிச் சங்கை எடுத்துக் காட்டினார்கள். பிள்ளை பிறந்ததும் சேனை வைக்க.

"மொதல்ல யாரு நாக்குல இனிப்பு தொட்டு வைக்காங்களோ அவங்க கொணம்தாம்ட்டி பிள்ளைக்கு வரும். நாந்தான் வைப்பேன், இப்பவே சொல்லிட்டேன்."

அத்தையின் குணமா! அந்தக் குரல் எங்கள் பூன் லே வட்டாரம் முழுக்கக் கேட்குமே. சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

ஜூன் 6, வெள்ளி

சர்க்கரை. எனக்கு.

ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது. டாய்லெட்டில் போய் அழுதேன். எங்கள் குடும்பத்தில் யாருக்குமே இல்லையே.

ஜூன் 10, செவ்வாய்

டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். என் ரத்தத்தில் கூடுகிற சர்க்கரை பிள்ளைக்கும் போகிறது. அதைச் சமாளிக்கப் பிள்ளை தன் உடம்பில் இன்சுலினை அதிகமாகச் சுரக்கிறது. அதனால் தேவைக்கு மேல் பருக்கும். நுரையீரல் முதிர்வது தாமதமாகலாம். பிறந்து கொடியை வெட்டியதும் என்னிடமிருந்து போகும் சர்க்கரை நின்றுவிடும், அதன் இன்சுலின் மட்டும் உடனே நிற்காது. அப்போது பிள்ளையின் சர்க்கரை சட்டென்று கீழே போய்விடலாம். கட்டுக்குள் வைத்தால் பெரும்பாலும் நன்றாகவே பிறக்கும் என்றார்.

அந்தப் 'பெரும்பாலும்' வீடு வரை என்னோடு வந்தது.

பிரேம் எல்லாவற்றுக்கும் "பாத்துக்கலாம் லா" என்கிறான். யார் பார்த்துக்கொள்வது? சர்க்கரை பார்க்கத் தினமும் குத்துவது என் விரலை.

ஜூன் 15, ஞாயிறு

அத்தைக்குத் தமிழ்க் கடைகள் இருக்கிற தேக்காவுக்குப் போக வேண்டுமாம். சிராங்கூன் ரோட்டில் ஒவ்வொரு கடையாக ஏறி, கருப்பட்டியை முகர்ந்து பார்த்து, ஓரத்தை உடைத்து வாயில் போட்டுப் பார்த்து, கடைசியில் ஒரு கடையில் வாங்கினார்கள். கூடவே கேப்பை மாவு.

"சீனிதாம்ட்டி ஆகாது. கருப்பட்டி மருந்துல்லா. ஊர்ல சக்கரக்காரங்க பூரா இதத்தான் குடிக்காங்க."

டாக்டரும் சீனி வேண்டாம் என்றுதானே சொன்னார்? கருப்பட்டியைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. இத்தனை நாள் இனிப்பில்லாமல் கிடந்துவிட்டு இன்று கருப்பட்டிக் காப்பி குடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்காக வெயிலில் அலைந்த மனுஷியையா கிண்டல் செய்தேன்?

ஜூன் 24, செவ்வாய்

காலையில் கருப்பட்டி போட்ட கேப்பைக் கஞ்சி. மாலையில் காப்பி. சோற்றை அறவே விட்டுவிட்டேன். ஆனாலும் சர்க்கரை எண் இறங்கமாட்டேன் என்கிறது. மெஷின் கோளாறாக இருக்குமோ?

ஜூலை 2, புதன்

ஸ்கேனில் பிள்ளையின் வயிறு மாதத்துக்கு மீறி வளர்ந்திருக்கிறது. பனிக்குட நீரும் அதிகம்.

உணவு ஆலோசகர் ஒரு மலாய்க்கார அம்மா. நான் சாப்பிட்டதையெல்லாம் போனில் படமாகக் காட்டினேன். கருப்பட்டிக் கட்டியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இது குலா மெலாக்கா மாதிரித்தானே?" என்றார்.

குலா மெலாக்கா. ஓண்டே ஓண்டே உருண்டையைக் கடித்தால் உள்ளிருந்து ஒழுகுமே, அந்தத் தென்னஞ்சர்க்கரை. ஆபீஸில் எத்தனை தின்றிருக்கிறேன். அது சர்க்கரை என்று எனக்குத் தெரியாதா? அதுவே ஊர்ப் பெயரோடு வந்ததும் மருந்து என்று நம்பிவிட்டேன். கேப்பையையும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாக ஏறுமாம்.

அந்த அம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இன்று முதல் இன்சுலின் ஊசி.

ஜூலை 3, வியாழன்

கத்திட்டேன். "நீங்க குடுத்ததுதான் அத்தை என் பிள்ளைய இப்படி ஊத வச்சிருக்கு"ன்னு கத்திட்டேன்.

அத்தையின் அந்தப் பெரிய குரல் எங்கே போனது? மீதிக் கருப்பட்டியை அடுக்குமாடிக் குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வந்து துணி மடித்தார்கள்.

குடிச்சது நான்தானே? அவங்களா என் வாயில ஊத்துனாங்க? டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே — ஏன் கேக்கல? கேட்டா வேணாம்னு சொல்லிடுவாங்கன்னுதானே?

ஜூலை 19, சனி

எண் இறங்கிவிட்டது. வீட்டில் பேச்சும் குறைந்துவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நான் ஊசி போட்டுக்கொள்ளும்போது அத்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். ஆனால் சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஊசியை எடுத்து மேசையில் வைத்துவிடுகிறார்கள். சங்கைப் பற்றிய பேச்சே இல்லை.

ஆகஸ்ட் 20, புதன்

நாளை வலி வரவைக்கப் போகிறார்கள். பயமாயிருக்கு.

ஆகஸ்ட் 22, வெள்ளி

பெண். வலி வரவைத்தும் தலை இறங்கவில்லை, அதனால் ஆபரேஷன். கொழுகொழுவென்று இருக்கிறாள். பார்க்கிறவர்கள் ஆரோக்கியம் என்றுதான் நினைப்பார்கள்.

கொஞ்ச நேரத்திலேயே துவண்டுவிட்டாள். கை நடுங்கியது, பால் குடிக்கவில்லை. இத்தனை நாள் என் விரல், இப்போது அவள் குதிகால். குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை மிகவும் கீழே. ரோவெனா என்ற பிலிப்பைன்ஸ் நர்ஸ் சர்க்கரை ஜெல்லை விரலில் எடுத்து அவள் கன்னத்தின் உட்பக்கம் மெதுவாகத் தடவினாள். எந்தச் சர்க்கரைக்குப் பயந்து செத்தேனோ அதையே ஊட்டுகிறார்கள், நான் அது ஏற வேண்டுமே என்று ஜெபம் பண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன்.

ஏறியது. மறுபடி இறங்கியது. இப்போது தீவிர சிகிச்சைப் பிரிவில், கையில் ட்ரிப்போடு இருக்கிறாள். என் பக்கத்தில் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

ட்ரிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார்கள். இதுவரை தாங்குகிறாள். மூளைக்கு ஒன்றும் ஆகியிருக்காது என்று நினைக்கிறோம், வளர வளரக் கவனிப்போம் என்றார் குழந்தை டாக்டர். நினைக்கிறோமாம். இன்னொரு 'பெரும்பாலும்'.

மதியம் அத்தை வந்தார்கள். பிள்ளையிருக்கும் பிரிவுக்குள் அவர்களை விடவில்லை. என் கட்டில் பக்கத்தில் மடியில் பையோடு உட்கார்ந்திருந்தார்கள். பைக்குள் சங்கு தெரிந்தது.

அதைத் தொட்டபடியே கேட்டார்கள். "மொத இனிப்பு யாருட்டி வச்சா?"

ரோவெனாவைப் பற்றிச் சொன்னேன். சண்டை வரும் என்று நினைத்தேன்.

"அந்தப் பிள்ள நல்ல பிள்ளயா?"

"நல்லவங்க அத்தை. பாப்பாவ விட்டு அசையவே இல்ல."

"அப்பஞ் சரி." பையை மூடினார்கள். எழுந்து என் போர்வையைச் சரிசெய்தார்கள். "நான் வைக்காததும் நல்லதுதான்."

அப்படியில்லை அத்தை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். வாயில் வார்த்தை வந்தபோது அவர்கள் லிஃப்ட் பக்கம் போய்விட்டிருந்தார்கள்.