நேராக்கிய நாற்காலிகள்

முதல் வாரம், சனிக்கிழமை

அன்புள்ள என்னங்களுக்கு,

சிரிக்காதீர்கள். பத்தொன்பது வருஷமாக "என்னங்க" என்றுதான் கூப்பிடுகிறேன். இப்போது திடீரென்று பெயரை எழுதினால் யாரோ ஆபீசருக்கு மனு போடுகிற மாதிரி இருக்கிறது. இங்கே நானும் மகளும் நலம். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? "பரவாயில்லை" என்று எழுதினால் செல்லாது. மருந்து சாப்பிடுகிறீர்களா, இல்லையா, அதை எழுதுங்கள். கப்பலுக்கு வாரம் ஒருநாள்தான் மெயில் வரும் என்பதால் எல்லாவற்றையும் இந்த ஒரே கடிதத்தில் திணிக்கிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

முதலில் செய்தி. எனக்கு இன்டர்ன்ஷிப் கிடைத்துவிட்டது. பத்து வாரம், அதுவும் சம்பளத்தோடு. எங்கள் வகுப்பில் நாற்பது பேர், சம்பளம் தரும் இடங்கள் ஆறு. ஆசிரியர் பட்டியலைப் படித்தபோது நான் கடைசி பெஞ்சில் என் பாட்டுக்குப் பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன். என் பெயர் வந்ததும் பிள்ளைகள் எல்லோரும் "ஆன்ட்டிக்குக் கிடைச்சிருச்சு" என்று மேஜையைத் தட்டினார்கள். நாற்பத்துநாலு வயதில் எனக்காக யாரோ மேஜையைத் தட்டுவார்கள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஜலதோஷம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

போன வருஷம் படித்த பிள்ளைகள் சம்பளம் இல்லாமல்தான் போனார்களாம். அப்படியென்றால் நம் வீட்டிலிருந்து யார் போக முடியும்? காலையில் கடையில் பில் போடும் வேலையை விட்டுவிட்டுத்தானே இதற்குப் போக வேண்டும். அதனால் சம்பளம் கொடுக்கலாம் என்று யோசித்தவர் யாராக இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இடம் எது தெரியுமா? பஸ் டிப்போவுக்குப் பின்னால் ஒரு நீளமான தகரக் கொட்டகை. ஆஸ்பத்திரிகள் கழித்துப்போடும் சக்கர நாற்காலிகளை வாங்கி, பிரித்து, பழுது பார்த்து, வேண்டியவர்களுக்கு அளவெடுத்துப் பொருத்திக் கொடுக்கிறார்கள். தருமம் இல்லை, வியாபாரம்தான். ஆனால் வரும் லாபம் யார் வீட்டுக்கும் போகாது. அடுத்த நாற்காலிக்குப் போகும். இதைத்தான் எங்கள் பாடப்புத்தகத்தில் சமூக நிறுவனம் என்று பதினாலு பக்கத்துக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்.

முதல் நாள் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, ஃபைலை மார்போடு பிடித்துக்கொண்டு போய் நின்றேன். அங்கே இருக்கும் வெல்டர் என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஓடிவந்தார். உட்காரச் சொல்லி, டீயும் பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். வரி ஆபீசிலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்தாராம். "நான் இன்டர்ன்ங்க" என்றேன். டீயை விட்டுவைத்தார், பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நிறுவனத்தை நடத்துவது ஒரு பெண். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். அவளும் சக்கர நாற்காலியில்தான் இருக்கிறாள். கொட்டகைக்குள் அவள் போகிற வேகத்துக்கு நாம்தான் ஒதுங்க வேண்டும். எல்லோருக்கும் அவள் டேப் அக்கா. என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவள், நானும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். அவள் என்னை "புதுசு" என்கிறாள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

நம் பேச்சு ஞாபகம் இருக்கிறதல்லவா? "நீ ஒரு வேலைல உட்கார்ந்துட்டா நான் கப்பல்ல இருந்து இறங்கிடறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போனீர்கள். இந்தப் பத்து வாரமும் ஒழுங்காக முடிந்து அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் பட்டம். பட்டம் இருந்தால்தான் வேலை. உங்கள் கப்பல் ஒப்பந்தம் முடியும்போது இன்னொரு ஒன்பது மாதக் காகிதத்தை நீட்டுவார்கள். அதை நீங்கள் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று நான் இங்கே காலையில் அஞ்சு மணிக்கு எழுந்துகொண்டிருக்கிறேன்.

என் மகள் முதல் நாள் எனக்கு டிபன் டப்பா கட்டிக் கொடுத்து, "யார்கிட்டயும் சண்டை போடாம இரும்மா" என்று சொல்லி அனுப்பினாள். நல்லது செய்தால் என் மகள், வாயாடினால் உங்கள் மகள். கணக்கு பழையபடிதான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள்,
புதுசு


ஐந்தாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள என்னங்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் எல்லாம் கடைசியில். இன்றைக்கு நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். பாதிப் பழி உங்களுடையது. ஏன் என்று சொல்கிறேன்.

போன சனிக்கிழமை மதியத்துக்கு மேல் எல்லோரும் ஒரு ஆஸ்பத்திரிக்குச் சரக்கு எடுக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் கொட்டகையில். திங்கட்கிழமை போக வேண்டிய பதினோரு நாற்காலிகள் சுவரோரம் வரிசையாக நின்றன. நாலு வாரமாக எனக்கு அவற்றைப் பார்த்தால் கை அரிக்கும். ஒன்றுக்கு ஒரு கால்மிதி மேலே, ஒன்று கீழே. ஒன்றுக்கு இருக்கை வலது பக்கம் தூக்கல். ஒன்றுக்கு முதுகு சாய்ந்திருந்தது. போதாததற்கு, சட்டமெல்லாம் சாக்பீஸ் கிறுக்கல். பாவம், வேலை அதிகம், அவசரத்தில் பூட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

உங்களோடு குடித்தனம் நடத்திய எனக்கு அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? சுவரில் ஒரு படம் மாட்டுவதற்கு மூன்று தடவை மட்டம் பார்க்கிற ஆளாயிற்றே நீங்கள். வீட்டுக்கு ஓடிவந்து உங்கள் பெட்டியிலிருந்த ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு நாற்காலியிலும் வைத்து, குமிழி நடுவில் வந்து நிற்கும் வரைக்கும் திருகு திருகாகச் சரிசெய்தேன். ஈரத்துணியால் சாக்பீஸையும் துடைத்துவிட்டேன். நாலரை மணி நேரம். பதினோரு நாற்காலியும் பளபளவென்று, அணிவகுப்பு மாதிரி நின்றன. போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன் என்றால் பாருங்களேன்.

திங்கட்கிழமை காலை நான் போவதற்குள் ஐந்து நாற்காலிகள் வண்டியில் போய்விட்டன. செவ்வாய்க்கிழமை போன் வந்தது. அழகு நிலையம் நடத்தும் ஒரு பெண். அவள் நம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேலை செய்கிறவள். "அக்கா, நாற்காலிய என்ன பண்ணீங்க? நேத்து மூணு பேருக்குப் புருவம் கோணலாயிருச்சு" என்றாள். அதில் ஒருத்திக்கு அடுத்த நாள் கல்யாணமாம். மணமேடையில் முழுக்க ஆச்சரியப்பட்ட முகத்தோடு உட்கார்ந்திருக்கப் போகிறாள் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண்ணே சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயம் இதுதான். அந்தக் கோணல் எதுவும் கோணல் இல்லை. டேப் அக்கா ஆள் ஆளாக உட்காரவைத்து, இடுப்பு, தோள், முழங்கால் என்று அளந்து, வேண்டுமென்றே அப்படி வைத்தவை. அந்த அளவுகள் எந்த நோட்டிலும் இல்லை. சட்டத்தின் மேல் சாக்பீஸில்தான் இருந்தன. நான் துடைத்த சாக்பீஸ்.

டேப் அக்கா வெல்டரைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவர், "குறி இருந்த மாதிரிதான்க்கா வச்சேன்" என்றார். பிறகு மிச்சம் நின்ற ஆறையும் போய்ப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "நான்தான் கவனக்குறைவா இருந்துட்டேன் போல" என்று அவரே சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் டீ அப்படியே ஆறிக்கிடந்தது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. கணினி முன்னால் உட்கார்ந்து ஏதோ தட்டிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வாரத்தில் கல்லூரிக்கு ஒரு படிவம் அனுப்ப வேண்டும். 'தொடரலாம்', 'வேண்டாம்' என்று இரண்டு கட்டம் இருக்கும். அது அவள் மேஜை மேல் கிடந்தது. 'வேண்டாம்' என்று குறித்துவிட்டால் என் பட்டம் போச்சு, நீங்கள் இன்னும் ஒன்பது மாதம். அந்தப் பயத்தில் ஒரு நல்ல மனுஷன் என் தப்பைத் தலையில் சுமக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் எழுந்துபோய் எல்லோர் முன்னாலும் சொன்னேன். ரசமட்டத்தையும் காட்டினேன். டேப் அக்கா, "நல்ல ரசமட்டம்" என்றாள். அவ்வளவுதான். வெல்டர் என்னைப் பார்க்கவே இல்லை.

இந்த வாரச் சம்பளம் எனக்கு வேண்டாம் என்றேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது. "சும்மா வேலை பார்க்கறவங்கள என்னால திட்ட முடியாது, புதுசு. சம்பளம் வாங்குங்க. திட்டும் வாங்குங்க." பிறகு பத்து நிமிஷம் திட்டினாள். அதை இங்கே எழுதினால் உங்கள் கப்பல் சாய்ந்துவிடும்.

இப்போது பதினோரு வீட்டுக்கும் நானே போய்ப் பொருத்திக் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு. அளவெடுக்க அவள், திருக நான். நாலு வீடு முடிந்தது. அழகு நிலையத்துக்காரிக்கு வலது பக்கத்தை ஒரு விரல் அளவு தூக்கி வைத்ததும் அவள் மூச்சை இழுத்துவிட்டாள். "கோணலா இருந்த நாற்காலியிலதான்க்கா நான் நேரா உட்கார்ந்திருந்தேன்" என்றாள். அவள் என் புருவத்தைப் பார்த்துவிட்டு, "இதையும் நான் சரிபண்ணியே ஆகணும்" என்று பிடித்து உட்காரவைத்துவிட்டாள். வலியில் உயிர் போய்விட்டது. பழி தீர்த்துக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

படிவம் இன்னும் மேஜை மேல்தான் கிடக்கிறது. பதினொன்றும் முடியட்டும், பார்க்கலாம் என்கிறாள். உங்கள் மகள் கேட்டுவிட்டு, "அப்பா சேர்ந்து பண்ணியிருந்தா இன்னும் நேரா இருந்திருக்கும்" என்கிறாள். கொழுப்பைப் பாருங்கள்.

எனக்காக ஒரு வார்த்தை வேண்டிக்கொள்ளுங்கள். நலம், நலமறிய ஆவல்.

உங்கள்,
பாதிப் பழிக்காரி


பத்தாம் வாரம், வெள்ளிக்கிழமை

அன்புள்ள என்னங்களுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. என் தப்பைக் கப்பலில் எல்லோருக்கும் படித்துக் காட்டினீர்கள் என்று தெரிந்து மகிழ்ச்சி. உங்கள் சமையல்காரர் விழுந்து விழுந்து சிரித்தாராம். ஊருக்கு வந்தால் அவருக்கு என் கையால் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிடுங்கள். இருமல் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள், நம்புகிறேன்.

பதினோரு நாற்காலியும் முடிந்தன. கடைசி வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. நாற்காலியை நானும் வெல்டரும் தூக்கிக்கொண்டு ஏறினோம். இரண்டாவது மாடியில் மூச்சு வாங்க நின்றபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் சட்டைப் பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து நீட்டினார். நாங்கள் இப்போது ராசி.

அன்றைக்குச் சாயங்காலமே படிவத்தில் 'தொடரலாம்' என்று குறித்தாள் டேப் அக்கா. கல்லூரிக்கு இரண்டு வாரம் தாமதம். அதற்காக எங்கள் ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். சொன்னேன். இறுதி அறிக்கையில் இதையெல்லாம் எழுத வேண்டாம், நல்லதை மட்டும் எழுதுங்கள் என்றார். எழுதாவிட்டால் நான் செய்த வேலையே புரியாதே. ஏனென்றால் என் வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு அட்டை. யாருடையது, எங்கே எவ்வளவு தூக்கல், எதற்காக என்று எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, இருக்கைக்கு அடியில் கட்டிவிடுகிறோம். இதுவரை நூற்று நாற்பது நாற்காலிகளுக்குக் கட்டியாகிவிட்டது. ஒவ்வொரு அட்டையின் அடியிலும் சிவப்பில் ஒரு வரி அச்சடிக்கச் சொன்னாள் டேப் அக்கா: 'கேட்காமல் நேராக்காதீர்கள்.' என்னைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னாள். எல்லாவற்றையும் அறிக்கையில் எழுதினேன். பாஸ் போட்டுவிட்டார்கள். உங்கள் மனைவி பட்டதாரி. அடுத்த மாதம் கையில் காகிதம் வந்துவிடும்.

இனிமேல்தான் முக்கியமானது. நேற்று டேப் அக்கா என்னை வேலைக்குக் கேட்டாள். அந்த நிமிஷமே வீட்டுக்கு வந்து உங்களுக்கு இப்படி எழுதினேன்: வேலை கிடைத்துவிட்டது, காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கி வாருங்கள். இரண்டே வரி. எழுதிவிட்டு, அனுப்பாமல் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அழித்துவிட்டேன்.

ஏனென்றால் அந்த வேலை ஆறு மாதத்துக்குத்தான். சம்பளம் நீங்கள் அனுப்புவதில் பாதிகூட இல்லை. ஆறு மாதத்துக்குப் பிறகு அவர்களிடம் எனக்குக் கொடுக்கப் பணம் இருக்குமா இருக்காதா என்று அவளுக்கே தெரியாது. "பொய் சொல்லி உங்கள வச்சுக்க எனக்குப் பிடிக்கல" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். நாம் பேசிக்கொண்டது வேலையில் உட்காருவது. இது உட்காருவதா, சும்மா நுனியில் ஒட்டிக்கொண்டிருப்பதா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் டியூஷனை விட்டுவிடுவதாகச் சொல்லுகிறாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குக் காலையில் கண்ணாடி முன்னால் நின்று, "அப்பா போகும்போது நான் அவர் தோள் வரைக்கும் இருந்தேன், இப்ப எது வரைக்கும் இருப்பேன்?" என்று கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நீங்கள் பக்கத்தில் நின்றால்தானே சொல்ல முடியும்.

முதல் தேதிக்குள் நீங்கள் கம்பெனிக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். இன்னொரு ஒன்பது மாதம் என்று முடிவு செய்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன். அதற்கும் நியாயம் இருக்கிறது. இது என் மூளை சொல்வது. அதைக் கேட்டு எழுதிவிட்டேன், என் கடமை தீர்ந்தது.

இப்போது நான் சொல்வது. ஆறு மாதத்துக்குத்தான் எனக்கு உத்தரவாதம். அதற்கப்புறம் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது, இப்போது உங்களுக்கும் தெரியாது. தெரிந்தே வாருங்கள்.

நீங்கள் எங்கே இருந்தாலும் காற்றும் கடலும் உங்களுக்கு அனுகூலமாக இருக்கட்டும்.

உங்கள் வழி பார்த்திருக்கும்,
நான்