ஃபிர்மேனுக்குக் கேட்காத இசை

வெர்லாங், 3 ஏப்ரல் 1934

மதிப்பிற்குரிய டாக்டர் ஓபெர்த்தேன் ஐயாவுக்கு,

வணக்கம். சுரங்க எஞ்சினியரான மருமகன் வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தை ஆள் வைத்து எழுதவில்லை. நானே எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ஆசிரியை அத்ரியேன் அம்மா இரண்டு குளிர்காலமாகச் சொல்லிக்கொடுத்தார். ஒரு வரி முடிவதற்குள் சிக்கரிக் காபி ஆறிவிடுகிறது. ஆறட்டும். அறுபத்தொரு வயதில் என் பெயரை முதன்முதலாக எழுதிய அன்று, காகிதத்தைப் புறாக்கூண்டுக்குக் கொண்டுபோய் என் புறாக்களுக்கெல்லாம் காட்டினேன்.

மே மாதம் உங்களுக்குப் பதக்கம் குத்தும் விழாவில் எங்கள் சுரங்க இசைக்குழு வாசிக்க வேண்டும் என்று மேயர் கேட்டிருக்கிறார். நான் பெரிய முரசு அடிப்பவன். போரில் உங்கள் படைப்பிரிவிலும் அதைத்தான் அடித்தேன். சண்டை நாட்களில் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு, காயம்பட்டவர்களை உங்கள் கூடாரத்துக்குத் தூக்கி வந்தவர்கள் நாங்கள்தான். உங்களுக்கு எந்த இசை பிடிக்கும், ஐயா?

பணிவுடன்,
எவாரிஸ்த் கார்லியே

*

வெர்லாங், 6 ஏப்ரல் 1934

அன்புள்ள கார்லியே,

உங்கள் கடிதம் என்னை நெகிழ வைத்தது. இந்த வயதில் எழுதக் கற்றது பெரிய காரியம். என் படைப்பிரிவின் பழைய தூக்குப்படுக்கைக்காரர்கள் என் விழாவில் வாசிப்பதைவிட எனக்கு வேறு பெருமை இல்லை. படை அணிவகுப்புக்கு வாசிக்கும் பழைய நடை இசை எதுவாயினும் சரி. துடிப்பாக இருந்தால் போதும்.

அன்புடன்,
மருத்துவர் ஓபெர்த்தேன்

*

வெர்லாங், 17 ஏப்ரல் 1934

டாக்டர் ஐயாவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. கை மெதுவாகத்தான் போகிறது, ஆனால் போகிறது. அதில் எனக்குள்ள சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

ஃபிர்மேன் எக்கேயை நினைவிருக்கிறதா? குழுவில் கொம்பு ஊதியவன். என்னோடு சுரங்கத்தில் வளர்ந்தவன். 1915 வசந்தத்தில் தூக்குப்படுக்கையின் முன்பிடியை அவனும் பின்பிடியை நானும் பிடித்து வந்தபோது, அவனுடைய இடது உள்ளங்கையைக் குண்டு துளைத்தது. உங்களிடம் கூட்டி வந்தேன். காயத்தைச் சுற்றித் தோலுக்குள் கருநீலப் புள்ளிகள். வெடிமருந்துக் கறை, போர்முனையிலிருந்து தப்பிக்கத் தன்னைத்தானே சுட்டுக்கொண்டான் என்றீர்கள். அவன் சிரித்துவிட்டான். "ஐயா, அது நிலக்கரிங்க. வெட்டுக் காயத்துல தூள் போய் உறைஞ்சது. எம் பொண்டாட்டி ஸெலி கல்யாணம் ஆனதுலேருந்து தேய்க்கிறா, போக மாட்டேங்குது" என்றான். எங்கள் ஊரில் அந்தப் புள்ளி இல்லாத கை குழந்தைகளுடைய கை மட்டும்தான். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டீர்கள்.

தூக்குப்படுக்கைக்காரனிடம் துப்பாக்கி ஏது என்று நான் இராணுவ விசாரணையில் கேட்டேன். காயம்பட்டவனுடையதை எடுத்திருப்பான் என்றார்கள். கூடவே இருந்தேன், எடுக்கவில்லை என்றேன். "எழுத்துல கொண்டா" என்றார் அதிகாரி. எனக்கு எழுதத் தெரியாது. எழுதிக்கொடுக்க ஆள் தேடி அலைந்துவிட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

ஊரின் போர் நினைவுச்சின்னத்தில் ஃபிர்மேனின் பெயர் இல்லை. தீர்ப்பை மாற்றச் சொல்லி ஸெலி பாரிஸ் நீதிமன்றத்துக்கு மனுப் போட்டிருக்கிறாள். கறையைப் பார்த்த மருத்துவர் தவறு என்று சொன்னால் போதும் என்கிறார்கள். ஒரு வரி எழுதிக் கொடுங்கள். உங்களுக்குக் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

எவாரிஸ்த் கார்லியே

*

வெர்லாங், 20 ஏப்ரல் 1934

திரு. கார்லியே,

அந்த ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான கைகளைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் மனிதரை எனக்கு நினைவில்லை. நினைவில்லாத ஒன்றைத் தவறு என்று எப்படி எழுதுவது? அந்த விதவைக்காக வருந்துகிறேன். விழாவில் சந்திப்போம்.

ஓபெர்த்தேன்

*

வெர்லாங், 8 மே 1934

டாக்டருக்கு,

ஞாயிறு விழா நன்றாக நடந்தது. வெயிலும் வந்தது. பதக்கம் உங்கள் மார்பில் அழகாக இருந்தது. துடிப்பான படை நடை கேட்டீர்கள், வாசித்தோம். மேயர் தாளம் போட்டார். அவருக்கு அது வெறும் இசைதான்.

படையில் ஒருவனைத் தண்டனையாகச் சுட்டுக் கொன்றால், அந்த உடலின் முன்னால் படை முழுவதும் இசையோடு நடந்து போக வேண்டும் என்பது வழக்கம். ஃபிர்மேனைச் சுட்ட காலையில் அவனுடைய குழுவையே வாசிக்க வைத்தார்கள். நாங்கள் வாசித்தோம். கொம்பு ஒன்று குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசித்தது அதே நடைதான். அன்று வாசித்தவர்களில் நாலு பேர் மிச்சம். உங்கள் முன்னால் வரும்போது நாங்கள் நாலு பேரும் தலையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டோம்.

ஆனால் நான் ஓரக்கண்ணால் உங்கள் கையைப் பார்த்துவிட்டேன். சல்யூட் அடித்த கை முரசின் இரண்டாவது அடியிலேயே இறங்கிவிட்டது. உங்கள் மகள் நாற்காலி கொண்டுவந்தாள். ஆக, உங்களுக்கு நினைவிருக்கிறது. வீட்டுக்கு வந்து நான் ஒரு பீர் குடித்தேன், டாக்டர். போர் முடிந்த அன்று குடித்ததைவிட ருசியாக இருந்தது.

எங்கள் ஒத்திகை இதுவரை சங்கக் கொட்டகையில் நடந்தது. இனி ஒவ்வொரு ஞாயிறும் சதுக்கத்தில், உங்கள் ஜன்னலுக்குக் கீழே. மேயரிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. மனு நானே எழுதினேன்.

எவாரிஸ்த்

*

வெர்லாங், 11 ஜூன் 1934

திரு. கார்லியே,

நீதிமன்றத்துக்கு எழுதிவிட்டேன். அது நிலக்கரி என்றும், நான் சரியாகப் பார்க்கவில்லை என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டுமே உண்மை. அவர் சிரித்ததுகூட எனக்கு நினைவிருக்கிறது. என்னைக் கேலி செய்கிறார் என்று நினைத்தேன்.

பதக்கத்தைத் திருப்பி அனுப்புகிறேன். ஐந்து ஞாயிறுகள் ஆகிவிட்டன. சனிக்கிழமை வந்தாலே என்னால் சாப்பிட முடிவதில்லை. தயவுசெய்து வேறு ஏதாவது வாசியுங்கள்.

ஓபெர்த்தேன்

*

வெர்லாங், 15 ஜூன் 1934

டாக்டருக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த தகவல் நீதிமன்றத்திலிருந்து ஸெலிக்கு வந்துவிட்டது. அதை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டினேன். மூன்று தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு எழுந்துபோய், அடுப்பில் தண்ணீர் வைத்துத் துணி துவைத்தாள்.

நீங்கள் கேட்டதைக் குழுவில் வைத்தேன். கைதூக்கச் சொன்னார்கள். ஸெலியே ஆள் விட்டு, போதும் என்று சொல்லியிருந்தாள். குழுத்தலைவன் ஒனேசிம், "கெழவா, எழுதிக் குடுத்துட்டான்ல? அவனும் சாகப்போற மனுசன். விட்ருடா" என்றான். என்னைத் தவிர எல்லாரும் கை தூக்கினார்கள்.

ஆகவே இந்த ஞாயிறிலிருந்து ஒத்திகை பழையபடி கொட்டகையில். கொம்புகள் வராது, சின்ன முரசுகளும் வராது. நீங்கள் கேட்டது நடந்துவிட்டது.

பெரிய முரசு மட்டும் சங்கத்துடையது அல்ல. என் சொந்தம். அதை முதுகில் கட்டிக்கொண்டு சதுக்கம் வரை நடக்க எனக்கு இன்னும் தெம்பு இருக்கிறது. அந்த நடையில் முரசுக்கு மட்டும் வரும் அடிகள் எவை என்று உங்களுக்கு இப்போது தெரியும். மீதியை நீங்களே மனதில் நிரப்பிக்கொள்ளலாம்.

ஞாயிறு பத்து மணிக்கு வருவேன். மழை பெய்தாலும் வருவேன்.

எழுத்தில் கேட்டார்கள். இதோ.

எவாரிஸ்த் கார்லியே