இரண்டாம் தடவை படுத்தபோது

மயிலாப்பூர்,
8-9-1997, திங்கள்

சிரஞ்சீவி அச்யுத்துக்கு அத்திம்பேர் அநேக ஆசீர்வாதம். உன் கடிதமும், நாங்கள் வந்திருந்தபோது அங்கே உங்கள் ஆராய்ச்சிக்கூடத்தில் எடுத்த உன் அக்காவின் மூளைப் படங்களும் சனிக்கிழமை வந்தன. தபாலில் பதில் போட்டால் பத்து நாள் ஆகும், வியாழக்கிழமை ஆபரேஷன். லஸ் முனையில் ஃபேக்ஸ் கடை திறந்ததும் இதைக் கொடுக்கப்போகிறேன்.

டாக்டர் கஸ்தூரிரங்கனுக்குப் படம் பார்த்து ஏக சந்தோஷம். பேச்சு வரும் இடத்துக்கும் கட்டிக்கும் நடுவே அரை விரற்கடை இருக்கிறதாம், தைரியமாக வெட்டலாமாம்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தை அப்புறம்தான் படித்தேன். காதோரம் காற்று இருப்பதால் படம் அங்கே ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ளும், எவ்வளவு இழுக்கிறது என்று முதலில் அளந்ததை வைத்தே நேராக்கினேன், அளக்கும்போதும் படம் எடுக்கும்போதும் தலை அசையாமல் ஒரே மாதிரி இருந்தால்தான் சரிவரும் என்கிறாய். படம் எடுத்த அன்று நீ வகுப்பெடுக்கப் போயிருந்தாய். நடந்தது உனக்குத் தெரியாது.

அளந்து முடித்ததும் சூடாமணி மெஷினுக்கு உள்ளேயே அழ ஆரம்பித்துவிட்டாள். உலோகம் கூடாதென்று தாலியைக் கழற்றியிருந்தோமே, வெறுங்கழுத்தோடு கிடக்கிறாளாம். வெளியே இழுத்தார்கள். எழுந்து உட்கார்ந்து, கைப்பையிலிருந்த மஞ்சள் கயிற்றை எடுத்துத் தரச் சொல்லி, "கட்டுங்கோ, அப்புறம் எத்தனை நாழி வேணும்னாலும் படுத்துண்டிருக்கேன்" என்றாள். கட்டினேன். மறுபடி படுத்தாள். முதலில் அளந்ததைத் திரும்ப எடுக்கட்டுமா என்று மெஷினை ஓட்டிய பெண் கேட்டாள். பாவி, நான்தான் வேண்டாம், இவள் தாங்கமாட்டாள், மேலே ஆகட்டும் என்றேன். உன் சகாக்கள் சிரிப்பார்களே என்ற வெட்கத்தில் உன்னிடமும் மறைத்தேன்.

அப்படியானால் நீ நேராக்கியதே கோணலாக இருக்குமோ, அந்த அரை விரற்கடையும் பொய்யோ? இன்று சாயங்காலம் டாக்டரிடம் போய் ஒப்புக்கொள்ளப்போகிறேன். ஆனால் எவ்வளவு தள்ளியிருக்கும் என்று உன்னால்தான் சொல்ல முடியும். நேராக்குவதற்கு முந்தைய படங்களை மறுபடி பார். முடியாதென்றால், இதை நம்பி வெட்டாதீர்கள் என்று அவருக்கு நீயே ஃபோன் செய். உன் பதில் வரும்வரை நான் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடமாட்டேன்.

அவளுக்கு இது எதுவும் தெரியாது. தெரிந்தால் தன் கயிற்றால் வந்தது என்று மறுகிப்போவாள். இப்போதும் சமையலறையிலிருந்து, "யாருக்கு இத்தனை நீளமா எழுதறேள்? இனிமே இவ வாயே திறக்கமாட்டான்னு ஊருக்கெல்லாம் சொல்லியாறதா?" என்று கேலி செய்கிறாள். இருபத்திரண்டு வருஷமாக, "சித்த வாயை மூடேன்" என்று அவளை அதட்டியவன் நான்.

உனக்குத்தான் என்றேன். வேளா வேளைக்குச் சாப்பிடு, குளிரில் அலையாதே என்று தான் சொன்னதாக எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இதை அவள் வாயாலேயே நீ இன்னும் வெகுகாலம் கேட்கவேண்டும், அச்யுத்.

தீர்க்காயுசாக இரு.

உன் அத்திம்பேர்,
ஸ்ரீரங்கன்