வெள்ளாடு தின்ற வீட்டுப் பத்திரம்

ராமத் கான்
11 பிப்ரவரி 1975

என் அன்பு மகன் நசீமுக்கு,

அம்மா எழுதுவது. நாங்கள் மூன்று பேரும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்த மான்ட்ரியல் பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று வெள்ளிக்கிழமை விளக்கேற்றும்போதெல்லாம் உன் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாலு நாளாக விடாத மழை, மண்ணெண்ணெய்க் கணப்பை அறைக்கு அறை தூக்கிக்கொண்டு அலைகிறேன். உன் தங்கை ஒர்னாவின் கல்யாணம் மார்ச் பதினெட்டு, செவ்வாய்க்கிழமை என்று முடிவாகிவிட்டது. பையன் யோராம் நல்லவன், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்து வைக்கிறான். அவன் அம்மா ப்ரோனியா போலந்துக்காரி, மீனில் சர்க்கரை போட்டுச் சமைக்கிறாள், நான் கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயை வாசனை தாங்காமல் ஜன்னலுக்கு வெளியே வைத்திருக்கிறாளாம். அது போகட்டும். அப்பா சினிமாவில் நடித்தாராமே, ஏன் எனக்கு எழுதவில்லை என்று கேட்டிருந்தாய். மூன்று தடவை எழுதிக் கிழித்துப் போட்டேன். இன்று அவர் ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போயிருக்கிறார், அவர் வருவதற்குள் எழுதி ஒட்டிவிட வேண்டும்.

போன கோடையில் அவர் பகடை ஆடப் போகும் காப்பிக்கடைக்கு சினிமாக்காரர்கள் வந்தார்கள். இயக்குநர் டெல் அவிவ் பையன், முப்பது வயதிருக்கும். உங்கப்பா மீசையைப் பார்த்துவிட்டு, பெரியவரே, புதுசா நாட்டுக்கு வந்தவர் ஒருத்தர் ஆபீஸ் குமாஸ்தாகிட்ட வீடு கேக்கறாரு, அதை நீங்கதான் நடிக்கணும் என்றானாம். வசனம் எங்கே என்று இவர் கேட்டதற்கு, வசனம் எதுக்கு, நீங்க வந்தப்ப என்ன கேட்டீங்களோ அதையே கேளுங்க என்றானாம். உனக்கு ஞாபகமிருக்காது, பாக்தாத்தை விட்டு இந்த நாட்டுக்கு வந்த புதிதில் நம்மைத் தங்க வைத்த கூடார முகாமில் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தக் குமாஸ்தா முன்னால் நாங்கள் நின்றபோது உங்கப்பா வாயே திறக்கவில்லை. பாக்தாத் ரயில்வேயில் நாற்பது பேருக்கு மேலதிகாரியாக இருந்த மனுஷன், அன்று கொடுத்த பாயை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதனால் இந்த நடிப்பை அவர் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பழுப்பு கோட்டை இஸ்திரி போடச் சொன்னார், தகரப் பெட்டியிலிருந்த நம் பாக்தாத் வீட்டுப் பத்திரத்தையும் கையோடு எடுத்துப் போனார். திரும்பி வந்து, இருபத்துமூணு வருஷமா தொண்டையில நின்னதைச் சொல்லிட்டேன் ரெஜினா, சுத்தி நின்னவங்க ஒருத்தரும் மூச்சு விடல என்றார். அன்றைக்கு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார்.

படம் வந்தது. தெருவே திரண்டு போனோம். சூரியகாந்தி விதை கொறிக்கிற சத்தமும் காலிப் பாட்டில்கள் தரையில் உருளுகிற சத்தமுமாக இருந்தது. அது சிரிப்புப் படம் என்று அங்கே உட்கார்ந்த பிறகுதான் எங்களுக்குத் தெரியும். உங்கப்பா திரையில் பத்திரத்தை நீட்டி, இது என் வீடு, முற்றத்துல ரெண்டு பேரீச்ச மரம், மேலயும் கீழயுமா ஏழு அறை, எனக்கு இங்க ஒரு அறை போதும் என்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு வந்து அந்தப் பத்திரத்தைத் தின்கிறது. வேறு ஏதோ காகிதத்தைத் தின்ன வைத்து ஆட்டைத் தனியாக எடுத்து ஒட்டியிருக்கிறார்கள், அவருக்குச் சொல்லவே இல்லை. கொட்டகை இடிந்து விழுகிற மாதிரி சிரிப்பு. யாரோ, ஏய் ஆடே, அந்த மரத்தையும் விட்டு வைக்காத என்று கத்தினான். அதிகமாகச் சிரித்தது நம் பாக்தாத் ஆட்கள்தான். நசீம், நானும் சிரித்தேன். அந்த ஆடு மென்ற விதம் அப்படி, வாயைப் பொத்துவதற்குள் வந்துவிட்டது. உங்கப்பா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமே இல்லை. இவள் எதற்குச் சிரிக்கிறாள் என்று கண்டுபிடிக்கப் பார்ப்பவர் போலப் பார்த்தார்.

மறுநாளிலிருந்து பஸ் டிரைவர்கூட, ஏறுங்க ஏழு அறை என்று கூப்பிடுகிறான். காப்பிக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். இயக்குநரிடம் நியாயம் கேட்கப் போனார், அவன் கட்டிப்பிடித்து, ஜனங்களுக்கு உங்க மேல எவ்ளோ பிரியம் தெரியுமா என்று முத்தம் கொடுத்து அனுப்பிவிட்டான்.

போன வியாழன் சாயங்காலம் சம்பந்தி வீட்டில் விருந்து. அவர்கள் சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் இருந்தார்கள். யோராமின் அப்பா ஸிக்மண்ட், சம்பந்தி, அந்த ஏழு அறையை ஒரு தடவை செஞ்சு காட்டுங்களேன், இவங்க யாரும் படம் பார்க்கல என்றார். ஒர்னா தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மேஜைக்கடியில் அவர் முழங்காலை அழுத்தினேன். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். ஆடு வருகிற இடத்தில் அவரே மே என்று கத்தி, கைத்துடைக்கும் காகிதத்தை வாயில் போட்டு மென்றார். எல்லோரும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை, நசீம். ப்ரோனியா கண்ணைத் துடைத்துக்கொண்டு சமையலறையில் என் கையைப் பிடித்தாள். போர்ல எங்க வீட்டுல நான் ஒருத்திதான் மிஞ்சினேன், அதுக்கப்புறம் இப்படி நான் சிரிச்சதே இல்ல என்றாள். திரும்பும் வழியில் உங்கப்பாவிடம், ஏன் செஞ்சீங்க என்று கேட்டேன். சிரிச்சாங்கல்ல, பொண்ணு அந்த வீட்டுல நல்லா இருப்பா என்றார்.

இப்போது கல்யாணத்தில் முந்நூறு பேர் முன்னால் செய்ய வேண்டுமாம். ஸிக்மண்ட் நிஜமாகவே ஒரு ஆட்டுக்கு ஏற்பாடு செய்கிறார். உங்கப்பா சரி என்றுவிட்டார். அப்பாகிட்ட நீயாவது சொல்லும்மா என்று ஒர்னா அழுகிறாள், நான் போய்ச் சொன்னால் நீ சும்மா இரு என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் கணப்பைத் தூக்கிக்கொண்டு நடக்கிறேன்.

நீ அவருக்குத் தனியாக ஒரு கடிதம் போடு. நல்லவிதமாகவோ கெட்டவிதமாகவோ படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். என்ன சாப்பிடுகிறாய், வேலையில் யார் உன்னைத் திட்டினார்கள், அதை எழுது, அவர் இரண்டு தடவை படிப்பார். காதை மூடாமல் வெளியே போகாதே. கடவுள் உன் காலடியைக் காக்கட்டும், உனக்கும் ஒரு நல்ல பெண்ணையும் சிரித்த வீட்டையும் கொடுக்கட்டும். கல்யாணத்தன்று நான் முதல் வரிசையில்தான் இருப்பேன், அவர் செய்து முடித்துவிட்டு என் முகத்தைத்தான் பார்ப்பார். அப்போது நான் சிரிக்க வேண்டுமா கூடாதா, உனக்குத் தெரிந்தால் பதினெட்டாம் தேதிக்குள் எனக்கு எழுது.

உன் அம்மா,
ரெஜினா